கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம்

1

கோர்ட்டைப் பார்த்தால் எனக்குப் பயம். நான் திருடியதில்லை, பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை, டிராமில் டிக்கெட் எடுக்காமல் ஏறியதுகூட இல்லை. இருந்தாலும் பயம். ஆஸ்திரேலியாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் மீன் குழம்பு வைக்கிற விதம் மாறிவிட்டது, தூங்குகிற நேரம் மாறிவிட்டது, இது மட்டும் மாறவில்லை. என் நேரத்தைப் பாருங்கள், வேலைக்குப் போகையில் நான் டிராம் மாறுகிற நிறுத்தம் இந்த நகரத்தின் பெரிய கோர்ட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது.

மணல் நிறக் கல்லில் கட்டிய பழைய கட்டடம். கட்டிப்பிடிக்க நாலு பேர் வேண்டும் என்கிற அளவுக்குத் தூண்கள். நடைபாதையில் தொடங்கி கதவு வரை அகலமாக ஏறுகிற கல் படிகள். மதிய வேளையில் அந்தப் படிகளில் ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் புது மாப்பிள்ளை, பெண் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சில நாள் அட்டை பிடித்துக் கோஷம் போடுகிற கூட்டம் இருக்கும். ஒரு நாள் ஒருத்தர் சின்னக் குழந்தைக்கு அங்கே நடை பழக்கிக்கொண்டிருந்தார். கோர்ட்டு வாசலில் வந்து நடை பழக்குகிறாரே, இவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று எனக்குப் பதறியது. நான் எப்போதும் அந்தக் கட்டடத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பேன்.

இந்த ஊரின் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் எல்லோர் பெயரையும் மாற்றியிருக்கிறேன், தங்கைக்குக் கவிதா என்று வைத்திருக்கிறேன். காரணம் போகப் போகப் புரியும். அவள் எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

2

நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் வரிசையில் திருநெல்வேலிக்காரர், சேலத்துக்காரர், நாகர்கோவில்காரர் என்று ஊருக்கு ஒருத்தர் இருந்தார்கள். ஒருத்தர் குலம், கோத்திரம் இன்னொருத்தருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொருவரும் தங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒரு பெருமை வைத்திருந்தார்கள். எங்கள் அப்பாவுடையது இது: "நாங்க கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம்." என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் படிப்பைச் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொன்னார்.

தீபாவளிக்குத் துணி எடுக்க ஆவடியில் ரயிலேறி, மாறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனைக்கு நடப்போம். அங்கே அந்தச் சிவப்புக் கட்டடம் வரும். கோபுரம் கோபுரமாக, கும்மட்டம் கும்மட்டமாக, ஒரு காலத்தில் கடலில் போகிற கப்பலுக்கே விளக்குக் காட்டியது. ஹைகோர்ட்டு. அதை நெருங்கியதும் அப்பா எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கூட்டிப் போய்விடுவார். "அங்க என்னப்பா இருக்கு?" என்று கேட்டால், "போனவன் சீக்கிரம் வர மாட்டான், நட" என்பார். கவிதா அதை அப்படியே நம்பினாள். அந்தப் படிகளில் ஏறத்தான் முடியும், இறங்க முடியாது என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். நான் சிரித்தேன், ஆனால் நானும் நம்பினேன்.

அப்பாவுக்கு இந்தப் பயம் சும்மா வரவில்லை. அவருடன் வேலை பார்த்த ஒருத்தர் அம்பத்தூரை அடுத்த பாடி பக்கம் லாரி மோதியதைப் பார்த்துவிட்டு, அடிபட்டவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். அதனால் சாட்சியானார். அப்புறம் வாய்தா, வாய்தா என்று அலைந்து அலைந்து, "இனி எவன் செத்தாலும் திரும்பிப் பாக்க மாட்டேன்யா" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுததை அப்பா மறக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பேச்சு. வீட்டில் அப்பா பேச்சு. வெளியே மைதானத்தில், அண்ணனூர் ரயில் ஷெட் பக்கத்திலிருந்து விளையாட வரும் பிள்ளைகளோடு எங்கள் பேச்சு. நானும் கவிதாவும் தனியாக இருந்தால் "இன்னா", "கீது", "வந்துகினு"தான். அப்பா காதில் விழுந்தால் தொலைந்தோம். "இருக்குன்னு சொல்லு, கீதாம் கீது" என்று தலையில் குட்டுவார். எனக்கு அந்தப் பேச்சு இந்த நாட்டில் கழன்று விழுந்துவிட்டது. கவிதா விடவில்லை. தன் கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, மாலை குத்திக்கினே கீதுக்கா" என்று என் காதில் சொன்னவள் அவள்.

3

மாப்பிள்ளை அப்பாவின் தொழிற்சாலை நண்பருடைய மகன். அம்பத்தூரில் லிஃப்ட் இல்லாத ஃபிளாட், இரண்டாவது மாடி. நல்ல சம்பளம், நெற்றியில் விபூதி, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பது, எல்லாம் சரியாக இருந்தது.

முதலில் போனது பேச்சுதான். கல்யாணமாகிச் சில மாதங்களில் கவிதா போனில் "இருக்குக்கா", "வந்துகிட்டு இருக்கேன்க்கா" என்று பேச ஆரம்பித்தாள். "என்னடி, டிவி செய்தி வாசிக்கிறியா?" என்று கிண்டல் செய்தேன். "அவருக்குப் பிடிக்காது. சேரிப் பேச்சுன்னு சொல்றார்" என்றாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவும் குட்டியவர்தானே.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து அவள் மணிக்கட்டு முறிந்தது. படியில் வழுக்கி விழுந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னாள். அப்பாவிடமும் அதையே சொன்னாள். என்னிடமும் அதைத்தான் சொன்னாள், ஆனால் வீடியோவில் சொல்லும்போது கண் கேமராவைப் பார்க்கவில்லை. "யாருடி தள்ளினது?" என்று கேட்டேன். "படிக்கட்டுல யாருமே இல்லக்கா. ஒருத்தர்கூடப் பாக்கல" என்றாள்.

அவள் ஆவடியை அடுத்த வெள்ளானூரில் அப்பா கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா போன பிறகு அப்பா அங்கே தனியாகத்தான் இருக்கிறார். பெண்களுக்கு உதவும் அரசு அதிகாரி ஒருவர் மூலமாக, கணவனிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டாள். இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மாவும் கிடைத்தார். "முதல் வாய்தாவுக்கு நீயே நேரில் வரணும்மா. வரலேன்னா மனுவைத் தள்ளினாலும் தள்ளிடுவாங்க" என்று அவர் சொல்லியிருந்தார்.

அப்பா ஒப்பவில்லை. அவருடைய நண்பர், மாப்பிள்ளையின் அப்பா, வந்து காலில் விழாத குறையாகப் பேசிவிட்டுப் போயிருந்தார். வாய்தா நாளன்று காலையிலேயே அவர்கள் பழத்தட்டோடு வந்து மருமகளைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. அவள் அன்றைக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அந்த இரண்டாவது மாடிக்குத் திரும்பிப் போக வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

"நம்ம குடும்பத்துல யாரும் கோர்ட்டுப் படி ஏறினதில்லம்மா," என்று என்னிடம் போனில் சொன்னார் அப்பா. "நீயே அவளுக்கு எடுத்துச் சொல்லு. பேசித் தீர்த்துக்கலாம்."

"கையை உடைச்சிருக்கான்ப்பா."

"படியில வழுக்கினதுன்னு அவளே சொல்றாளே."

அவருக்குத் தெரியும். குரலில் தெரிந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

4

உடனே ஓடிப் போக நினைத்தேன். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். பெயரில் ஏதோ குழப்பம் என்று அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இங்கே கேட்கிறார்களே என்று அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். அதனால் இந்த நாட்டில் நான் மிஸ் ராமலிங்கம். கல்யாணச் சான்றிதழில் கணவர் பெயர், இதில் அப்பா பெயர், இரண்டில் எது நான் என்று பாஸ்போர்ட் ஆபீஸில் ஒரு பிள்ளை பொறுமையாகக் கேட்டது. "இரண்டும் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அது இன்னும் சிக்கலாகிவிட்டது.

அந்த வாரத்தில் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? யாழினி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கோம்."

"உங்க தங்கச்சி கோர்ட்டுப் படி ஏறப் போறாளாம். ஏற்கெனவே படியில வழுக்கி விழுந்தவ. பாத்து ஏறச் சொல்லுங்க அண்ணி."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். நான் சமையலறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ரசம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அணைந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

5

யாழினி என் மகள். கட்டடக் கலை படிக்கிறாள், முதல் வருஷம். ஒரு பொதுக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, அதை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று இந்தப் பருவம் முழுக்கப் பார்த்து வரைய வேண்டுமாம். நூலகம் இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, என் வயிற்றில் பிறந்தது கோர்ட்டைத் தேர்ந்தெடுத்தது. தினமும் மதியம் அந்தப் படியில் உட்கார்ந்து, மடியில் டப்பாவை வைத்து என் தயிர் சாதத்தைத் தின்றபடி தூண்களை வரைகிறாள்.

வளர வளர அவள் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், பாதியில் கதவு மூடிக்கொள்ளும். கட்டடம் என்றால் மட்டும் வாய் திறப்பாள். "எதுக்கும்மா இவ்வளவு படி? ஏறி வர்றவங்க தன்னைச் சின்னதா நினைக்கணும், சட்டத்தைப் பெருசா நினைக்கணும். அதுக்குத்தான். இப்ப புதுசா கட்டறதெல்லாம் ரோட்டு மட்டத்துல, கண்ணாடி வச்சுக் கட்டறாங்க. பயப்படாம வரணும்ல." அந்தச் சிவப்பு ஹைகோர்ட்டின் படத்தை வைத்துக்கொண்டு, இவ்வளவு அழகை ஏன் எனக்குக் காட்டவில்லை என்று சண்டைக்கு வந்தாள். எதிர்ப்பக்கமாக நடந்த கதையை நான் சொல்லவில்லை.

ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு உள்ளே போனேன். யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து பார்க்கலாம் என்று அவள் அடித்துச் சொன்னாள். ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறினேன். பையைச் சோதிக்கிற காவலர் ஒன்றுமே கேட்கவில்லை. நானாகவே ஓட்டுநர் உரிமம், வேலை அட்டை, மருத்துவ அட்டை எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக நீட்டினேன். நம் ஊர் ஆள் வேறு என்ன செய்வோம்? அவர் சிரித்துவிட்டு, மேலே இருந்ததைப் படித்து, "உள்ளே போங்கள், மிஸ் ராமலிங்கம்" என்றார். அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவையே கோர்ட்டுக்குள் கூட்டிப் போவது மாதிரி இருந்தது எனக்கு.

அறைக்குள் கறுப்பு அங்கி போட்ட அம்மா ஒருத்தர் வந்ததும் எழுந்து கை கட்டி நின்றேன். அவர் நீதிபதி மேசையில் தண்ணீர்க் குவளையை வைத்துவிட்டுப் போனார். யாழினி என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அன்று ஒரு பெண் பேசினாள். வேறு ஏதோ நாட்டுக்காரி. அவள் மொழியில் சொல்ல, பக்கத்தில் ஒருத்தர் ஆங்கிலத்தில் சொன்னார். அவள் புருஷன் தூர மேசையில் இருந்தான். நடுவில் ஒரு தடவை அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கத்த முடியாது, எழுந்து வர முடியாது. அந்த அறையில் அவள் பேசி முடிக்கிற வரைக்கும் அவன் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"நம்மள எதுக்கு உள்ள விடறாங்க?" என்று மகளிடம் கிசுகிசுத்தேன். "நமக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"பாக்கறதுக்குத்தான். யாருமே பாக்கலேன்னா என்ன வேணா நடக்கும்லம்மா."

கவிதா சொன்னது ஞாபகம் வந்தது. ஒருத்தர்கூடப் பாக்கல. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். யாழினிக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்து அந்தப் படியில் உட்கார்ந்துதான் அவளுக்குச் சித்தியின் கதையைச் சொன்னேன். அவள் என் கையை விடவே இல்லை.

6

நடந்த கூத்து இனிமேல்தான். கொஞ்ச நாள் முன்னால் யாழினிக்குப் பந்து விளையாடும்போது முழங்காலில் அடிபட்டிருந்தது. "படி ஏறாதே கண்ணு" என்று தாத்தா போனில் சொல்லியிருந்தார். கால் தேறியதும் அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில், தூண்களின் படத்தைப் போட்டு இப்படி எழுதினாள்:

"தாத்தா, நான் தினமும் கோர்ட்டுப் படி ஏறுகிறேன். இன்னும் இரண்டு மாதம் ஏற வேண்டும். வலி இல்லை. கவலை வேண்டாம்."

பிழையே இல்லாத தமிழ். அவளுடைய டீச்சர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நான் காலையில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா கூப்பிட்டார். ஊரில் பொழுதே விடிந்திருக்காது. மூச்சு வாங்கியது அவருக்கு.

"குழந்தை மேல என்ன கேசு? யார் போட்டது? எங்கிட்ட ஏம்மா மறைச்சீங்க?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "அப்பா, அது..." என்று தொடங்கினேன். அவர் விடவில்லை.

"தினமும் போறாளாமே! தனியாவா போறா? நீ என்ன பண்ற? வேலை கிடக்குது வேலை, லீவு போடு. கூடப் போ. அவ கைய விட்டுடாத. அந்த ஊர்ல நல்ல வக்கீலாப் பாரு. கோர்ட்டுன்னா பயப்படாதேன்னு அவகிட்ட சொல்லு. தப்புப் பண்ணாதவ எதுக்குப் பயப்படணும்? தாத்தா சொன்னேன்னு சொல்லு."

அப்பாவின் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"அப்பா, அவ மேல கேசு இல்ல. கல் படி, தூண் எல்லாம் வரையறா. படிப்புக்காக. முழங்கால் சரியாயிடுச்சுன்னு சொல்லத்தான் அப்படி எழுதியிருக்கா."

"அப்பாடி" என்று ஒரு பெருமூச்சு. "முருகா. உசிரே போயிடுச்சு."

இதற்கு மேல் பேசினால் வைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பேசினேன்.

"பேத்திக்குன்னா கூடப் போன்னு சொல்றீங்க. தப்புப் பண்ணாதவ பயப்பட வேணாம்னு சொல்றீங்க. பக்கத்து ரூம்ல கையில கட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தி படுத்திருக்காளே, அவ உங்க பொண்ணுதானேப்பா?"

வைத்துவிட்டார். அதற்கப்புறம் நான் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. கவிதாவிடம் கேட்டால், "எங்கிட்டயும் பேசறதில்லக்கா. தெருவில நடந்துகிட்டே இருக்கார்" என்றாள். "நீ என்ன பண்ணப் போற?" என்றேன். "தெரியலக்கா. அப்பாவை மீறிப் போக எனக்குத் தெம்பில்ல" என்றாள்.

7

வாய்தா நாள் வந்தது. இங்கே மதியம் தாண்டியிருந்தது, அங்கே காலை. காலையிலிருந்து கவிதா எந்தச் செய்திக்கும் பதில் போடவில்லை. பழத்தட்டு வந்திருக்கும். நண்பர் பேசியிருப்பார். அவள் பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறியிருப்பாள். இரண்டாவது மாடிப் படிக்கட்டும், அங்கே யாரும் இல்லாததும் என் கண் முன்னாலேயே நின்றன. வேலையில் இருக்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, டிராம் நிறுத்தத்தில் நின்றேன். டிராம் வந்தது, போனது. நான் ஏறவில்லை. எதிரே அந்தப் படிகளில் யாழினி உட்கார்ந்திருந்தாள். ரோட்டைக் கடந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் கேட்காமல் வரைபலகையைத் தள்ளி இடம் கொடுத்தாள்.

போன் அடித்தது. வீடியோ. கவிதா.

படம் ஆடிக்கொண்டே இருந்தது. பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை, டீக்கடை, கறுப்புக் கோட்டை மடித்துத் தோளில் போட்டபடி பைக்கை நிறுத்துகிற வக்கீல், ஆட்டோ ஹாரன்.

"எங்கடி இருக்க?"

"கோர்ட்டாண்டக்கா."

"யார் கூட?"

"அப்பாதான். அவங்க தட்டோட வந்தாங்க. அப்பா டீ குடுத்து உக்கார வெச்சாரு. வெள்ளைச் சட்ட போட்டுகினு வந்து, 'நாங்க கோர்ட்டுக்குப் போறோம், நீங்க இருந்து டிபன் சாப்ட்டுப் போங்க'ன்னு சொல்லிட்டாரு. ஆட்டோவுல ஏறிட்டோம்." பேசப் பேச மூச்சு முட்டியது அவளுக்கு. குரலைத் தாழ்த்தினாள். "அவரும் வந்துகீறாருக்கா. அந்தாண்ட மரத்துக்குக் கீழ. என்னையே பாத்துகினு நிக்கிறாரு. பயமா கீதுக்கா."

"பாக்கட்டும். நீ அந்தப் பக்கம் திரும்பாத. உள்ள போயிடு. உள்ள போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாதுடி, நான் பாத்திருக்கேன். படியில மெதுவா, கையைப் பாத்து..."

அவள் சட்டென்று என் பேச்சை மறித்தாள். போனைத் திருப்பிக் காட்டினாள். வாடகைக்கு எடுத்த சாதாரணக் கட்டடம். கல்யாண மண்டபம் மாதிரி ஒரு கிரில் கேட். தெருவிலிருந்து வாசல் வரை சிமென்ட் போட்டு ஒரே மட்டமாக இழுத்துவிட்டிருந்தார்கள். வாசல் நடுவில் வெள்ளைச் சட்டையில் ஒரு வயதானவர், குனிந்து தரையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"படியே இல்லக்கா," என்றாள் கவிதா. "தரையோட தரையா கீது. அப்பாதான் வாசல்ல நின்னுகினு, படி எங்க, படி எங்கன்னு தேடிகினு கீறாரு."